வேட்டைக் காட்டுக்குள் ஒரு மண்ணிறக் கோட்

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் பான் நகரத்திலிருந்து மேற்கே போனால், மலையும் காடுமாக ஒரு பகுதி வரும். அங்கே ஒரு சின்னக் கிராமத்துக்கு மேலே, காட்டுக்குள், இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அன்று தனியாகப் புறப்பட்டேன்.

இதைச் சொன்னால் எங்கள் சனம் சிரிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எங்களில் யார் காட்டுக்குத் தனியாகப் போகிறார்கள்? கோயிலுக்குப் போவோம், கலியாண வீட்டுக்குப் போவோம், செத்த வீட்டுக்குப் போவோம். எல்லாவற்றுக்கும் கூட்டமாக, சாப்பாட்டுப் பார்சலோடு போவோம். எனக்கோ ஐம்பது வயது தாண்டிய பிறகு இந்த இடிந்த கோட்டைகளில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் சப்பாத்துப் போடும்போதே என் கணவர் தொடங்கிவிட்டார்.

"உனக்கென்ன விசரே? உடைஞ்ச சுவர் பாக்கிறதுக்கு ரயிலேறிப் போகோணுமே? நாங்கள் காணாத உடைஞ்ச சுவரே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. ஊரில் உடைந்த சுவர் என்றால் அது யாரோ எங்களுக்குத் தெரிந்தவர்களின் வீடு. பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும். இங்கே கோட்டை இடிந்து எத்தனையோ நூறு வருடமாகிவிட்டது. அதற்காக அழுவதற்கு இப்போது உயிரோடு ஒருவரும் இல்லை. அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்து இருந்தால் எனக்கு ஒருவித ஆறுதல்.

அன்று மழை இல்லை. ஆனால் பனிப்புகார் மூடியிருந்தது. மலை ஏறிப் போனால் கோட்டையின் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது, மீதியைப் புகார் விழுங்கியிருந்தது. ஒரு பக்கச் சுவர், அதில் ஒரு யன்னல், யன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, வெறும் வானம். பாசி பிடித்த கல்லெல்லாம் ஈரம். ஒரு மனிதரும் இல்லை. கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டேன். போத்தலில் இஞ்சித் தேத்தண்ணீர் இருந்தது, அதைத் திரும்பிப் போகும்போது குடிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வந்த பாதையாலேயே இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு ஒற்றையடித் தடம் கீழே போனது. கீழே எங்கோ ஓடை ஓடும் சத்தம் கேட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, அந்தத் தடத்தால் இறங்கினேன். பிறகுதான் தெரிந்தது, நான் மலை ஏறிய பிறகு பெரிய பாதைகள் எல்லாவற்றிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள் என்று. நான் பாதையால் போனால்தானே பலகையைக் காண!

கொஞ்சத் தூரம் போயிருப்பேன். வெடிச் சத்தம் ஒன்று. அடுத்து இன்னொன்று, அதைவிடக் கிட்ட.

வேட்டை என்று ஒரு கணம் நினைத்திருக்கலாம். இந்த நாட்டில் வேறு யார் காட்டுக்குள் சுடப் போகிறார்கள்? ஆனால் நான் ஒன்றுமே நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்னரே நிலத்தில் குப்புறக் கிடந்தேன். அந்த உடம்பு முப்பது வருடம் ஜேர்மனியில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமைத்த உடம்பு இல்லை, பனங்காட்டுக்குள் ஓடிய பதினைந்து வயதுப் பெட்டையின் உடம்பு. விழு, ஊர்ந்து போ, பற்றைக்குள் புகு, வாயைப் பொத்து. அம்மா அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தா. சத்தம் போட்டால் எல்லாரும் செத்தோம். நான் ஊர்ந்துபோய் ஒரு பெரிய முள்ளுப் பற்றைக்குள் புகுந்தேன். முள் கன்னத்தைக் கிழித்தது, அது அப்போது தெரியவில்லை. போட்டிருந்தது மண்ணிறக் கோட். கீழே மண்ணிறச் சருகு. நல்லாய் ஒளித்துவிட்டேன் என்று நினைத்தேன், பாருங்கள்! காட்டில் பன்றி வேட்டை நடக்கும்போது, பன்றி ஒளிக்கும் பற்றைக்குள், பன்றியின் நிறத்தில் உடுத்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடக்கிறேன். இதைவிட வினை வேறென்ன வேண்டும்?

தூரத்தில் ஆட்கள் கத்திக்கொண்டு வரிசையாக வருவது கேட்டது. தடியால் மரத்தில் தட்டும் சத்தம். அது வேட்டைக்காரர்கள் இருக்கும் பக்கம் மிருகங்களைக் கலைத்துவிடும் ஆட்கள் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது அது சுற்றிவளைப்பு. ஊரில் ஆமி இப்படித்தான் வரிசையாக வருவான்.

பிறகு நாய் வந்தது. பற்றையின் வாயில் நின்று என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. நான் இன்னும் உள்ளே ஒடுங்கினேன், பற்றை அசைந்தது. நாய் இன்னும் பலமாகக் குரைத்தது. நாய் ஒரு இடத்தில் நின்று விடாமல் குரைத்தால் அங்கே பன்றி நிற்கிறது என்று அர்த்தமாம். எனக்கு இது எங்கே தெரியும்?

நாய் மூக்கை உள்ளே நீட்டியபோதுதான் அதன் கழுத்தைக் கண்டேன். செம்மஞ்சள் நிறப் பட்டி, அதில் ஒரு சின்ன மணி. கிணுகிணு என்று ஆடியது. ஆமிக்காரன் நாய்க்கு மணி கட்டமாட்டான். அந்த ஒரு நினைப்புத்தான் என்னைத் திரும்ப ஜேர்மனிக்குக் கொண்டுவந்தது. இது யாழ்ப்பாணம் இல்லை, இது வேட்டை. அப்படியென்றால் என்னைப் பன்றி என்று நினைத்துச் சுடப் போகிறார்கள்!

வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் பேசிய டொச்சில், இந்த நாட்டுப் பாஷையில், ஒரு சொல் வரவில்லை.

"சுடாதேங்கோ! ஐயோ, சுடாதேங்கோ!"

காடு முழுக்க எதிரொலித்தது. உடனே ஒரு பெண் குரல் டொச்சில் அலறியது, மனிதர், மனிதர், ஒருவரும் சுட வேண்டாம் என்று. ஓடி வந்தவ என் வயதுதான் இருப்பா, பெரிய உடம்பு, கையில் தடி, செம்மஞ்சள் மேலங்கி. நாயின் சொந்தக்காரியும் அவதான். முள்ளைத் தடியால் விலக்கி என்னை வெளியே இழுத்தா. தன்னுடைய மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டுப் பொத்தானையும் பூட்டிவிட்டா.

சத்தம் கேட்டவுடன் ஏன் கத்தவில்லை, ஏன் ஒளித்தாய் என்று கேட்டா. கோபத்தோடுதான் கேட்டா. நான் பிறந்த இடத்தில் கத்தியவர்கள்தான் செத்தார்கள் என்று சொன்னேன். அவ என் கையைக் கோர்த்துக்கொண்டா.

வேட்டை முடியவில்லை, அதனால் வெளியே போகும்வரை இருவரும் சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்றா. அவ "ஹொப், ஹொப்" என்று கத்தினா. என்னையும் கத்தச் சொன்னா. எனக்கு எப்படிக் கத்துவதென்று தெரியவில்லை. இந்த நாட்டில் நான் வாய்விட்டுக் கத்தியது ஊன்ட்றொப் என்ற ஊரில் எங்கள் சனம் கட்டிய அம்மன் கோயிலில் தேரிழுக்கும்போது மட்டுந்தான். சரி வாறது வரட்டும் என்று "அரோகரா!" என்றேன். அவவுக்கு அது பிடித்துவிட்டது. "அறோகறா" என்று அவவும் கத்த, புகாருக்குள்ளால் அப்படியே நடந்து வந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது கண்ணீர் வழிய வழியத்தான் கத்தினேன்.

காட்டின் விளிம்பில் ஒரு வெளி. கொம்பூதி வேட்டையை முடித்திருந்தார்கள். நெருப்பு எரிந்தது. செத்த பன்றிகளை ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, அதன்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வரிசையின் கடைசியிலும் கிளை பரப்பியிருந்தது. அதில் ஒன்றும் கிடத்தவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு மரக்குற்றியில் இருந்தேன்.

ஒரு மனிதர் என்னை நோக்கி வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். துவக்கை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார். என் முன்னால் வந்து நின்றார். அப்படியே ஈரப் புல்லில் முழங்காலில் இருந்துவிட்டார்.

பற்றைக்கு எதிரே இருந்த பரணில் அவர்தான் இருந்திருக்கிறார். நாய் குரைப்பதைக் கேட்டிருக்கிறார். பற்றை அசைவதையும், உள்ளே மண்ணிறமாக ஒன்றையும் கண்டிருக்கிறார். வடிவாகத் தெரியாமல் குறி வைக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும், ஆனாலும் வைத்துவிட்டேன் என்றார். விசையில் விரலும் வைத்துவிட்டாராம். அந்த நேரம்தான் என் சத்தம் கேட்டதாம். என்ன பாஷையென்று தெரியவில்லை, ஆனால் அது ஒரு பெண் என்று தெரிந்தது என்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று டொச்சில் சொன்னார். அழுதார். இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின.

துவக்குக்கு முன்னால் நிற்பவர்கள் நடுங்குவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். துவக்குப் பிடித்தவர் நடுங்கி ஒருநாளும் கண்டதில்லை. பையிலிருந்த இஞ்சித் தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி அவரிடம் கொடுத்தேன். பாதி புல்லில் சிந்தியது. மீதியைக் குடித்தார். பிழை எனக்கும் இருக்கிறது, பாதையை விட்டு இறங்கியது நான்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்னேன். கன்னத்துக் காயத்துக்கு மருந்து பூசிக்கொண்டே ஏசினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுது. இனிமேல் கோயில் குளத்தோட நில், சொல்லிப்போட்டன்."

பிறகு அந்த மனிதர் முழங்காலில் இருந்ததைச் சொன்னேன். பூசிய கை நின்றது. என் கணவருடைய தம்பியை ஊரில் றோட்டில் வைத்துச் சுட்டார்கள். தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. சுட்டது யாரென்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் ஒரு இடம் இல்லை.

"அந்தாள் உண்மையிலை மன்னிப்புக் கேட்டதே?"

"ஓம். அழுதுகொண்டு கேட்டவர்."

அவர் மருந்துப் போத்தலை மூடி வைத்தார். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

இப்போதும் நான் காட்டுக்குப் போகிறேன், செம்மஞ்சள் கோட் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல். ஆனால் அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒன்று பாரமாக ஏறி இருந்துகொள்கிறது: என்னைச் சுடாமல் விட்டவர் முழங்காலில் விழுந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், எங்களைச் சுட்டவர்களில் ஒருவர்கூட இன்னும் வந்து கேட்கவில்லை.