லோகோவை மறைத்த எழுத்து

சோதனைச்சாவடியில் காது கேளாதவர்கள் என்ன செய்யவேண்டும் என்று இணையத்துக்கு ஒரு வீடியோ செய்தோம்.

நிற்கச் சொன்னது கேட்காமல் நடந்து, வெள்ளவத்தையில் துப்பாக்கி முனையில் நின்ற, காது கேளாத மேரிதான், திரையின் கீழே ஓடும் தமிழ் எழுத்துகளை வரிவரியாகத் திருத்தித் தந்தாள்.

இன்று கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் டைரக்டர் அதைப் பார்த்தார்.

"கீழ ஓடுற எழுத்து, காசு தந்த ஆக்களின்ர லோகோவை மறைக்குது. எடுத்துப்போடும்."

"சேர், எழுத்து இல்லாட்டி காது கேளாத ஆக்களுக்கு ஒண்டும் விளங்காதே!"

"ஏன்? வொய்ஸ் கிளியராத்தானே இருக்கு?"

கடைசியில் வரும் நன்றியுரைக்கு மட்டும் எழுத்தை விட்டுவைத்தார். மூன்று மொழியிலும்.

சற்றுமுன் மேரியின் எஸ்எம்எஸ்: "வீடியோ போட்டாச்சோ அக்கா?"

என்ன பதில் அனுப்ப? காது கேட்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.