இடது கையில் 209, வலது கையில் 211

இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். மெதுவான ஓட்டம்தான். பக்கத்தில் வருகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம் — அவ்வளவு மெதுவாக. கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தேன்.

இதயத் துடிப்பு 207.

இருநூற்று ஏழா? வெறிநாய் துரத்தினால்கூட எனக்கு அவ்வளவு வராதே! வாட்ச்சை இரண்டு தட்டு தட்டினேன். 207. கழற்றி, டீ ஷர்ட்டில் துடைத்து, மறுபடி இறுக்கிக் கட்டினேன். 205. இரண்டு நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல 138 என்றது.

“இதுக்கு மூளை குழம்பிருச்சு மாரி” என்றேன்.

“ஆறு வருசமாச்சுல்லா எக்கா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்றாள், கூட ஓடிவந்த மாரி.

மாரி வடகரைக்காரி. போலீஸில் ஏட்டு. என்னைவிட எட்டு வயது சின்னவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறி இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஒரே மூச்சில். நாற்பத்து நான்கு வயதில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் எடுக்கிற ஒருத்திக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டாகிவிட்டது.

அந்த வாட்ச்சின் மேல் எனக்கு ஏற்கெனவே கோபம் உண்டு. சாட்டிலைட் பிடிக்க ஐந்து நிமிடம் எடுக்கும். அதுவரை வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். குற்றாலத்து மரங்களுக்குள் போய்விட்டால், ரோட்டில் ஓடுகிற என்னை மலைக்குள் ஓடுவதாக மேப்பில் வரைந்துவிடும். மாரியின் அண்ணன் தோப்பில் ஒரு பெரிய பாசனக் கிணறு இருக்கிறது. எங்கள் நீச்சல் பயிற்சி அதில்தான். ஒருநாள் அரை மணி நேரம் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நீந்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தால்... நான் தென்னந்தோப்பைத் தாண்டி, வயலைக் கடந்து, செங்கோட்டை ரோடு வரை நீந்தியிருக்கிறேன்!

இப்போது இதயத்தையும் தப்பாக எண்ண ஆரம்பித்துவிட்டது. இனி என்ன யோசனை?

யோசனை விலையைப் பற்றியது. நான் கண் வைத்திருந்தது வேறு கம்பெனியின் புது மாடல். என் சம்பளத்தில் பாதியை விழுங்கும். மரத்தடியிலும் வழி தவறாது, கடல் நீச்சலுக்குத் தனி மோட் உண்டு, பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பீட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வேண்டும் என்று ஒருநாள். வேண்டாம் என்று மறுநாள். “முடிவு பண்ணிட்டு என்கிட்டச் சொல்லு. நடுவுல சொல்லாத” என்றார் என் கணவர் செல்வம்.

எங்கள் ஓட்டக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அந்த 207-ஐயும் அதன் கிராஃபையும் படம் எடுத்துப் போட்டேன். ‘என் வாட்ச்சுக்குப் பேய் பிடித்துவிட்டது.’ முப்பது பேர் சிரித்தார்கள். வியர்வைதான் காரணம் என்றார் ஒருவர். பழைய சென்சார் காலடியை இதயத் துடிப்பு என்று எண்ணிவிடும் என்றார் இன்னொருவர். எவ்வளவு அழகான விளக்கம்! உடனே நம்பினேன். அடுத்தடுத்த வாரங்களில் 199, 203, மறுபடி 207... ஒவ்வொன்றையும் குழுவில் போட்டுச் சிரித்துவிட்டு, அந்த ஓட்டத்தையே வாட்ச் கணக்கிலிருந்து அழித்துவிடுவேன். பின்னே? என் சராசரி கெட்டுப்போகிறதே!

உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்கள் வரும்போதெல்லாம் தொண்டைக்குழியில் ஏதோ படபடவென்று அடிக்கும். கால் துவளும். ஒருமுறை கிணற்றின் நடுவில் கண் இருட்டிக்கொண்டு வந்து, மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அதற்கெல்லாம் என்னிடம் தயாராகக் காரணங்கள் இருந்தன. புழுக்கம். வயது. காலையில் சாப்பிடாமல் வந்தது.

புது வாட்ச்சுக்கு வழி காட்டியவர் மைதீன் அண்ணாச்சி. தென்காசியில் ஜவுளிக்கடை. எங்கள் குழுவின் மூத்த சைக்கிள்காரர். துபாயில் இருக்கிற மகன் அவருக்கு அதே புது மாடலை வாங்கிக் கொடுத்திருந்தான்.

“மகன் வெள்ளிக்கிழமை வாரான் டீச்சரம்மா. செவ்வாய்க்கெழமைக்குள்ள சொல்லுங்க, ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுதேன்” என்றார். பிறகு தன் கையிலிருந்ததைக் கழற்றி நீட்டினார். “அதுக்கு முன்னாடி இதப் போட்டு ஒருக்கா ஓடிப் பாருங்க. பிடிச்சா வாங்குங்க, இல்லன்னா விடுங்க. யோசிச்சு யோசிச்சு மெலிஞ்சு போயிட்டிய.”

அந்த ஞாயிறு இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு மாரியோடு கிளம்பினேன். இடது கையில் பழையது. வலது கையில் புதியது. பழையது உளறும், புதியது உண்மையைச் சொல்லும், இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து செல்வத்திடம் காட்டலாம் — திட்டம் அதுதான்.

சீசன் நேரம். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. குற்றாலம் பஜார் முழுக்க வேன்கள். ஈரத் துண்டோடு குறுக்கே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ஐந்தருவி ரோட்டில் ஏறினோம். இடது 141. வலது 142. இடது 144. வலது 144. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றைக்குப் பார்த்து இது ஒழுங்காக நடந்துகொள்கிறதே!

ஏற்றத்தில் பாதி தூரம். நெஞ்சுக்குள் ‘டக்’ என்று ஒரு சுவிட்ச் போட்டதுபோல இருந்தது. தொண்டையில் அந்தப் படபடப்பு.

இடது கையைப் பார்த்தேன். 209.

“மாட்டிக்கிச்சு மாரி! இந்தா பாரு, உளறுது!” என்று கத்திக்கொண்டே வலது கையைத் திருப்பினேன்.

211.

சாரலில் நின்றுவிட்டேன். இடது 209. வலது 211. இரண்டு கம்பெனி. இரண்டு கை. ஆறு வருட வித்தியாசம். ஒன்று மட்டும் தப்பாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்யுமா?

மாரி என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கிட்டே வந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். உதடு அசைந்து எண்ண ஆரம்பித்தது. நின்றது.

“எக்கா... எண்ண முடியல. ஒண்ணு முடியுமுன்ன இன்னொண்ணு வருது. உக்காருங்க. ஏட்டி, சொல்லுதேன்லா, உக்காருங்க!”

பதற்றத்தில் மரியாதையான ‘எக்கா’வும், சின்னப் பெண்ணை அதட்டுகிற ‘ஏட்டி’யும் கலந்து வந்துவிட்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். நின்றுவிட்டேன் அல்லவா, இனி குறைய வேண்டும். குறையவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். 208. 210. பார்வை ஓரங்களில் கறுக்க ஆரம்பித்தது. மாரி ரோட்டின் நடுவில் போய் நின்றதும், இரண்டு கையையும் விரித்ததும் மங்கலாகத் தெரிந்தது.

“நிறுத்துலே வண்டிய!”

நின்றது ஒரு சுற்றுலா வேன். அருவியில் குளித்துவிட்டு இறங்குகிற ஒரு குடும்பம். எண்ணெய் வாசனை, ஈரவேட்டி, மடியில் குழந்தைகள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நெருக்கி உட்கார்ந்து என்னைப் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். முகம் தெரியாத ஒரு அம்மா என் தலையைத் தன் ஈர மடியில் வைத்துக்கொண்டார்.

பஜாரில் வண்டி நகரவில்லை. ஒரு பக்கம் கார்கள், மறுபக்கம் பஸ். ஹார்ன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மாரி இறங்கி முன்னால் ஓடினாள். ஒவ்வொரு வண்டியின் பானெட்டாகத் தட்டி ஒதுக்கச் சொல்லும் அவள் குரல் கேட்டது. “ஒதுங்கு, ஒதுங்கு, அங்கன எடு!” நான் கையைப் பார்த்தேன். 208. செல்வத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாக்கு புரளவில்லை. அவர் காலையில் கேட்ட எதற்கோ பதில் சொல்லாமல் வந்திருந்தேன். என்ன கேட்டார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் என்னை அப்போது மிகவும் பயமுறுத்தியது.

தென்காசி ஆஸ்பத்திரியில் இறக்கும்போது ஓட்டத்தை நிறுத்தி நாற்பது நிமிடம். துடிப்பு 206. ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா — சின்ன வயதுதான் — “நல்லவேளை, நிக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க” என்றார். எது நிற்பதற்கு முன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. படபடப்பைத்தான் சொல்லியிருக்கிறார், அது நின்றுவிட்டால் ஈசிஜியில் பிடிபடாதாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

துடிப்பை இறக்குவதற்காக ஒரு காலி சிரிஞ்சைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். இறங்கவில்லை. மறுபடி. இறங்கவில்லை.

“ஒரு ஊசி போடப் போறேன். சில செகண்ட் நெஞ்சுல பாறாங்கல்லை வெச்ச மாதிரி இருக்கும். ஏதோ ஆகப்போகுதுன்னு தோணும். ஆகாது. என்னைப் பாருங்க.”

பார்த்தேன். மருந்து ஏறியது. கல் விழுந்தது. மானிட்டரில் கோடு நேராக ஓடியது. எனக்குள் எதுவுமே அடிக்கவில்லை. சத்தமே இல்லை. மாரி என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்... அது மட்டும் தெரிந்தது.

பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. 94.

மாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

“எத்தனை நாளா இருக்கு?” என்றார் டாக்டர். எதைச் சொல்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே! மாரிதான் போட்டியைப் பற்றியும் சொல்லி, வாட்ஸப் குழுவைத் திறந்து நீட்டினாள். என் ஜோக்குகளை டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பேய் பிடித்த வாட்ச். முப்பது பேரின் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

“அஞ்சு தடவை. கிராஃபைப் பாருங்க, சுவர் மாதிரி ஏறியிருக்கு, சுவர் மாதிரி இறங்கியிருக்கு. வாட்ச் சரியாத்தான் சொல்லியிருக்கு.” பேனாவை மூடிவைத்தார். “கடல்ல எப்ப நீந்துறதா இருந்தீங்க?”

“ரெண்டு வாரத்துல.”

அதற்குள் வந்து சேர்ந்திருந்த செல்வம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இதயத்தில் மின்சாரம் போகிற பாதைக்குப் பக்கத்தில் பிறவியிலேயே எனக்கு இன்னொரு குறுக்குப் பாதை இருந்திருக்கிறது. இத்தனை வருடம் சும்மா இருந்தது, இப்போது விழித்துக்கொண்டது. திருநெல்வேலியில் தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு அதைச் சுட்டு அடைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. “இப்ப அந்தப் படபடப்பை நாங்களே வரவைக்கப் போறோம்” என்று சொல்லி வரவைத்தார்கள். அந்தச் சுவிட்ச் சத்தம் உள்ளே கேட்டது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சுட்டார்கள். மறுபடி வரவைத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை.

மாரி தனியாகப் போய்ப் போட்டியை முடித்துவிட்டு வந்தாள். நான் போனில் அவள் கரையேறுவதைப் பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

மைதீன் அண்ணாச்சியிடம் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்து, “இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். “நல்லதும்மா, உடம்பப் பாருங்க” என்றார். பழையதின் மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இன்னமும் என்னை மலைக்குள் ஓடவிடுகிறது. என்றைக்காவது கடலில் நீந்த அனுமதி கிடைத்தால் புதுசு வாங்குவேன். ஆனால் நான் மாற்ற நினைத்த காரணம் இருக்கிறதே, அது வெட்கக்கேடு. ‘ஒரு ரீடிங் சந்தேகமாக இருந்தால் இன்னொரு கருவியை வைத்துச் சரிபார்’ என்று லேபில் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் விஷயத்தில் ஐந்து ரீடிங்கை அழித்தேன்.

நான் மட்டுமா? சுகர் கூடினால் லேபை மாற்றுகிறோம். எடை கூடினால் மெஷினை நகர்த்தி வைத்து ஏறுகிறோம். பிள்ளைக்கு மார்க் குறைந்தால் திருத்தியவரைத் திட்டுகிறோம். பிடித்த பதில் வந்தால் மட்டும் யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை...

போன வாரம் செக்கப். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: “மறுபடியும் ஓடணுமா?”

“ஆமா.”

“ஓடுங்க. கொஞ்ச நாளைக்குத் தனியா வேண்டாம். யாராவது கூட இருக்கட்டும்.”

“நான் இருக்கேன் டாக்டர்” என்றாள் கதவருகே நின்ற மாரி. “ஆனா எக்காவக் கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லுங்க. கூட ஓடி எனக்குத் தூக்கம் வருது.”

போலீஸுக்கு இரக்கமே கிடையாது!