பரண்மேல் வைத்த பால்சோறு

பாலில் அரிசி வேகும் வாசனையோடு கறுவாப்பட்டை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பண்டிகை வாசனைக்குப் போய் யாராவது திடுக்கிடுவார்களா என்று கேட்பவர்களுக்கு, தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் என் அப்பா "கோக்கி"யாக, அதாவது சமையல்காரராக, இருந்த காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

துரை இங்கிலீஷ்காரர். அவர் கட்டிக்கொண்டு வந்த "தொரசாணி"யோ டென்மார்க் தேசத்துக்காரி. அந்த அம்மாளின் சாப்பாட்டைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடுகள், எங்கள் லயமே, வாயைப் பிளந்தது. உப்பு மீனை வேகவைக்காமலே வினாகிரிக் காடியில் ஊறப்போட்டுத் தின்பாளாம். கருகருவென்று புளித்த ரொட்டியைத் தானே சுடுவாளாம். பன்றியைத் தோலோடு வாட்டி, அந்தத் தோல் மொறுமொறுவென்று உடையாவிட்டால் முகம் தொங்கிப்போகுமாம். "அட சிவனே, இதெல்லாம் ஒரு தீனியா!" என்பாள் அம்மா.

ஆனால் எங்களை உண்மையிலேயே கதிகலங்க வைத்தது ஒரு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், சாயங்காலம். தொரசாணி பாலில் அரிசியைக் குழைய வேகவிட்டுக் கிண்ணத்தில் வழித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவி, நடுவில் குழித்து ஒரு கட்டி வெண்ணெயை உருகவிட்டாள். மேசைக்குத்தான் போகிறது என்று அப்பா நினைத்திருக்க, "பரண் மேலே வை, கோக்கி" என்றாளாம். யாருக்கு என்று கேட்டதற்குத் தனக்குத் தெரிந்த தமிழில், "சின்ன மனுசன். வீடு, மாடு, எல்லாம் காவல். சோறு இல்லே, கோவம் வரும், மாடு சாகும்" என்றாளாம்.

அப்பா மூச்சிரைக்க லயத்துக்கு ஓடி வந்தார். "அடியே, நம்ம முனியாண்டியேதான்! கடல் தாண்டிப் போயி அங்கயும் காவலுக்கு நிக்கிறாரு! ஆனா பாவம், இவங்களுக்கு மொற தெரியல. வெறுஞ்சோத்த வச்சா சாமி கோவிச்சுக்காதா?"

"ஏங்க, தொர வீட்டு விசயத்துல கைய வச்சு வேலையத் தொலைச்சிராதீங்க" என்று அம்மா கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? திரும்பப் பங்களாவுக்குப் போய்ப் பரணில் ஏறி, கிண்ணத்துக்குக் குங்குமம் இட்டு, தன் மடியிலிருந்த சுருட்டைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தார் அப்பா. வெள்ளைக்காரச் சாமிக்கு நம் சாராயம் ஒத்துக்கொள்ளுமோ என்ற சந்தேகத்தில், துரையின் விஸ்கியிலேயே ஒரு கிளாஸ் ஊற்றிப் படைத்துவிட்டார்!

விடிந்ததும் விஸ்கி குறைந்திருந்த போத்தலைத் துரை பார்த்தார். பங்களாவில் திருட்டு என்றால் "பத்துச்சீட்டு"தான். குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியதுதான். சத்தம் கேட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடி, துரையின் காலில் விழுந்தாள். அப்பா கையால் பரணைக் காட்டினார். தொரசாணி ஏணியில் ஏறினாள்.

இறங்கும்போது ஒரு கையில் குங்குமக் கிண்ணம், மறு கையில் பாதி எரிந்த சுருட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"கோக்கி, அவன் பொகை குடிக்கும், ஒனக்கு யார் சொன்னது?"

அவள் ஊரில் அந்தச் சின்ன மனிதனைப் படம் போட்டால் வாயில் புகைக்குழாய் இல்லாமல் போடவே மாட்டார்களாம். இங்கே அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, துரையிடம்கூட.

"காவக்காரருக்குக் குளிருமுங்களே, தொரசாணி" என்றார் அப்பா.

அவள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். துரை போத்தலோடு உள்ளே போய்விட்டார். அப்பாவின் வேலை பிழைத்தது. அடுத்த நத்தாருக்கு விஸ்கியை ஊற்றிக் கொடுத்தவள் தொரசாணியேதான்.

அவர்கள் சீமைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. சமீபத்தில் மகனோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பங்களாவுக்குக் கூரையும் இல்லை, பரணும் இல்லை. லயத்துப் பக்கத்து எங்கள் முனியாண்டிக் கல்லுக்கு மட்டும் யாரோ இன்னும் சுருட்டு வைக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் ஒரு சுருட்டு வாங்கி வந்து, பங்களாவின் இடிந்த சுவர்மேல் பற்றவைத்து வைத்தேன்.

"யாருக்கும்மா இது?" என்றான் மகன்.

தொரசாணியின் அந்தச் சின்னச் சாமியின் பெயரை நாங்கள் ஒருவருமே கேட்டுவைக்கவில்லை.