மஞ்சளோடு போன மீன்

என் அக்கா வித்யாலக்ஷ்மியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மீனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கோ மீன் என்றாலே குமட்டும். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்திலேயே வசிக்கிறவன் இப்படிச் சொன்னால் வங்காளிகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட மீன் விற்கும் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். இதே வீட்டில், இதே வத்தக்குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த அக்கா, விலங்கியல் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு தனியார் மீன் பண்ணையின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மீன் வயிற்றைப் பிதுக்குவதுதான் அன்றிலிருந்து அவள் பிழைப்பு. ஆனால் ஒரு துண்டு மீனை அவள் வாயில் வைத்தது கிடையாது.

பிதுக்குவது என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவளைக் கூட்டிவரப் போன ஒருநாள் கண்ணாலேயே பார்த்துத் தொலைத்தேன். அவர்கள் வளர்ப்பது நாக்கு மீன். செருப்பின் அடிப்பாகம் மாதிரித் தட்டையாக இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். பெண் மீனை ஈரத்துணியில் படுக்க வைத்து அக்கா வயிற்றை மெல்ல அழுத்தினாள். ஜவ்வரிசிக் கஞ்சி போல முட்டைகள் வழிந்தன. ஆண் மீன் உள்ளங்கை அளவுதான். அதைப் பிதுக்கினால் ஒன்றும் வராதாம். அறுத்து, விந்துப் பையை எடுத்து, கிண்ணத்தில் நசுக்கி, முட்டையோடு கலந்தாள். நான் வெளியே ஓடிப்போய் வேலியோரமாக வாந்தி எடுத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

அவள் செய்கிற வேலை அதோடு முடியவில்லை. கலந்த சில நிமிடங்களில் அந்த முட்டைகளைக் கடுங்குளிர்ந்த தண்ணீரில் போடுவாள். சாதாரணமாக, கரு உருவாகும்போது தாயிடமிருந்து வந்த குரோமோசோமில் ஒரு பங்கை முட்டை வெளியே தள்ளிவிடும். குளிர் அதிர்ச்சியில் அந்த வேலை நின்றுபோகும். இரண்டு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பங்கோடு குஞ்சு பிறக்கும். நீந்தும், தின்னும், நோய் நொடியில்லாமல் இருக்கும். ஆனால் ஆயுசுக்கும் அதன் வயிற்றில் முட்டை முதிராது.

"முட்டைக்குப் போற சாப்பாடெல்லாம் சதைக்குப் போறதுடா பத்து, அவ்வளவுதான்" என்பாள் அக்கா. பத்மநாபன் என்ற என் பெயரை அவள் முழுதாகச் சொன்னதேயில்லை.

அவ்வளவுதான் என்று அவள் லேசாகச் சொன்னாலும், அதற்காகப் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. முதலில் அந்த மீன்கள் மற்ற மீன்களைவிட ஒரு விரற்கடைகூட அதிகம் வளரவில்லை. இவ்வளவு ஆட்டமும் எதற்கு என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். முட்டையிடும் வயது வரட்டும் என்று அக்கா பொறுத்திருந்தாள். வயது வந்தது. மற்ற பெண் மீன்கள் முட்டை வைத்து மெலிந்தன, வளராமல் நின்றன. இவளுடையவை வளர்ந்துகொண்டே போயின. முழங்கையைத் தாண்டி, தோள்வரை நீளம் கண்டவையும் உண்டு. அந்த மேனேஜர் வருகிறவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு போய்த் தன் சாதனை போலக் காட்டினார். அந்த ஆளை நினைத்தால் மீன் நாற்றமே தேவலை.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவள் கணவர், எங்கள் அத்திம்பேர் திருவேங்கடம், கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் போகாத டாக்டர் இல்லை. உறவுக்காரிகள் பேசாத பேச்சும் இல்லை. கடைசியில் ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுத்து ஹரீஷ் என்று பெயர் வைத்தார்கள். பண்ணையிலிருந்து வந்ததும் மீன் வாடை போகும்வரை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அக்கா அவனைத் தூக்குவாள். அவனும் அவளை விட்டு இப்படி அப்படி நகரமாட்டான். தத்துப் பிள்ளை என்பதையே நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

ஹரீஷ் காளிகாட்டைச் சேர்ந்த தியாஷா என்ற வங்காளிப் பெண்ணை விரும்பினான். கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை உடம்பில் பட்ட மஞ்சளைப் பெண் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு பெரிய மீனை மணப்பெண் மாதிரி சிங்காரித்து அனுப்ப வேண்டும். அவர்கள் வழக்கம் அது. எங்கள் வீட்டில் ரகளை. அத்திம்பேர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா சுலோசனா மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாண வீட்லேர்ந்து பொணத்தையா அனுப்புவா? கர்மம், கர்மம்!"

"மீன் என் பொறுப்பு. நீங்க யாரும் தொட வேண்டாம்" என்றாள் அக்கா.

சந்தையில் ஒரு ரூயி மீன் வாங்கி அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதைத்தான் எல்லாரும் அனுப்புவார்கள். ஆனால் பெண்ணின் அப்பா மீன் பைத்தியம். உங்கள் பண்ணை மீனையே கொண்டு வாருங்கள் என்று போனில் கேட்டுவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்து, சிவப்புப் பட்டு சுற்றி, மூக்குத்தி ஒட்டி, பொட்டு வைத்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக அந்த மணப்பெண் கூரையைப் பார்த்து முறைத்தது. வண்டி ஓட்ட யாரும் வரவில்லை என்பதால் அக்காவையும் அந்தக் கண்ராவியையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

காளிகாட் சந்தில் சங்கு ஊதி, குலவையிட்டு வரவேற்றார்கள். மீனின் அளவைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெண்ணின் அப்பா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என்ன தீனி போட்டு இப்படி வளர்த்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா சர்பத்தைக் குடித்துவிட்டுச் சும்மா சிரித்திருக்கலாம். ஆனால் இப்படி ஒருவர் ஆசையாகக் கேட்பதற்காக அவள் எத்தனை வருஷமாகக் காத்திருந்தாளோ! நல்ல வங்காளியில், வகுப்பெடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினாள். இது ஆயுசு முழுக்க முட்டையே வைக்காது, கருவாக இருக்கும்போதே அதற்கு வழி செய்துவிட்டோம், அதனால்தான் இந்த வளர்த்தி என்றாள். மஞ்சள் பூசிக்கொண்டு கல்யாணப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பெண்ணின் அத்தை, மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தவள், அதைத் தரையில் வைத்தாள்.

"பாஞ்ஜா மாச்?" என்று கேட்டாள். மலட்டு மீனா என்று அர்த்தம்.

"ஆமாம், சந்தேகமேயில்லை!" என்றாள் அக்கா பெருமையாக.

நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் அந்த அத்தை பின்னால் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. தனக்குப் பிறக்காத வயிற்றெரிச்சலில் அனுப்பியிருக்கிறாள் என்றாள். படித்த குடும்பம். வீடு முழுக்கப் புத்தக அலமாரி. தூ!

"ஏண்டா, என்ன ஆச்சு அவாளுக்கு?" என்று வண்டியில் அக்கா கேட்டாள். பாதியைச் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள்.

நாங்கள் வருவதற்கு முன்பே பெண்ணின் அம்மா ஹரீஷுக்குப் போன் செய்திருந்தாள். கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லையாம். நாளைக்கு மணப்பெண் எங்கள் வீட்டுக்குள் வரும்போது மட்டும், பிள்ளை பெற்ற யாராவது வாசலில் நின்று வரவேற்றால் அவர்களுக்கு மனசு நிம்மதியாக இருக்குமாம். இதை அவன் முகத்திலடித்த மாதிரி மறுத்திருப்பான் என்று நம்பினேன். அவன் சமையலறைக்குள் வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசினான்.

"அம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். சுலோசனா அத்தை ஆரத்தி எடுக்கட்டுமே. அவா ரொம்ப அப்செட்டா இருக்கா."

அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

காதைப் பொத்திக்கொண்டிருந்த சுலோசனா மாமிக்கு இப்போது காது நன்றாகக் கேட்டது. "அவா சொல்றதுலயும் தப்பில்லையே வித்யா. நம்மளவாள்லயும் அப்படித்தானே வழக்கம்" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். மீன் விஷயத்தில் தீட்டு பார்த்தவளுக்கு அந்த மீன்கார வீட்டு வார்த்தை மட்டும் வேதவாக்காகிவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. "மாமி, அந்தத் தட்டுல வாழைப்பழம் வெச்சிருக்கேளே, அதுல விதை இருக்கா பாருங்கோ! அதுக்கும் மூணு பங்குதான், அதுவும் மலடுதான். அக்காகிட்ட கேளுங்கோ. ஊரு உலகத்துல எந்தக் கல்யாணத் தட்டுலேர்ந்து அதைத் தூக்கி எறிஞ்சிருக்கேள்?"

"பத்து, போதும். அந்தப் பழத்தையாவது விடு" என்றாள் அக்கா. அத்திம்பேர் செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

அன்று இரவு பெண் வீட்டில் கல்யாணம் முடிந்தது. மறுநாள் காலை மணமக்களை அழைத்துவர நான் காளிகாட் போனேன். சந்து முனையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டு கிடந்தது. நாய்கள் மீனை இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தன. ஈ மொய்த்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மீனுக்காக எனக்கு வயிறு எரிந்தது. திரும்பும்போது பின் சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்த ஹரீஷும் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

வீட்டு வாசலில் சுலோசனா மாமி ஆரத்தி எடுத்தாள். அவள் பெற்ற பிள்ளைகள் இருவரும் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடுவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவள் பெற்றவள். அக்கா கூடத்துக் கோடியில், பூஜை அலமாரியை ஒட்டி நின்றாள். நல்ல பட்டுப்புடவைதான் கட்டியிருந்தாள். தியாஷாவின் கண்கள் வாசலிலேயே அவளைத் தேடின. "மா எங்கே?" என்று ஹரீஷிடம் கேட்டாள். அவளிடம் ஒருவரும் இந்த ஏற்பாட்டைச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஹரீஷ் அவளை அழைத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனான். நமஸ்காரம் பண்ணுவதற்காகக் குனிந்தான். அக்கா பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாசல்ல நிக்கறா பார், அவளுக்குப் பண்ணு" என்றாள். குரல் உயரவில்லை. "வளர்க்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அது முடிஞ்சுடுத்து."

தியாஷாவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹரீஷ் குனிந்தது குனிந்தபடி வெறும் தரைக்கு எதிரே நின்றான். நான் போய் அவனை நிமிர்த்தவில்லை.