கூப்பிட ஒரு பெயர்

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். நான் வந்து இரண்டு வருடமாகியும், காலமான முதல் மனைவியின் மகள் நஸ்ரீன் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் வந்து நின்றுதான் பேசுவாள்.

ஒருநாள் இருவரும் வடக்கனந்தல் கிளம்பினோம். கூட்டத்தில் நான் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகுதான், கீழே அவள் கூடவே ஓடி வருவதைப் பார்த்தேன். வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. கடைசியில் பஸ்ஸைப் படபடவென்று தட்டினாள்.

இறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். "கூப்பிட வேண்டியதுதானே?"

"இன்னான்னு கூப்புடறது?" என்று அழுதாள். "சின்னம்மான்னா அது எங்கம்மாவோட தங்கச்சி. உங்கள அம்மான்னா, எங்கம்மா இல்லாமலே பூடுவாங்க."

மத்தியானங்களில் செல்போனில் வேற்று மொழிகள் படிப்பது என் பொழுதுபோக்கு. அதிலிருந்து நினைவுக்கு வந்ததைச் சொன்னேன். மாற்றாந்தாய்க்கு லத்தீனில் உள்ள சொல், 'புதியவள்' என்பதிலிருந்து வந்ததாம். ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய எஸ்பெராண்டோ என்ற மொழியில் 'பாதி அம்மா' என்பார்களாம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுசு வேணாம். ரெண்டு வருசம் ஆயிடுச்சே." கொஞ்சம் யோசித்தாள். "பாதிம்மா, அடுத்த பஸ் எப்போ?"

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். என் பெயர் பாத்திமா என்றே கடைத்தெருவில் பலரும் நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. மீதிப் பாதி அவளைப் பெற்றவருடையது. அது அவரிடமே இருக்கட்டும்.