சிவந்த கண்ணைப் பற்றி நான் எழுதியது

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இத்தனை வருடத்தில், நினைத்தாலே எனக்குக் கூசுகிற அறிக்கை ஒன்றுதான். ஒன்றுதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மற்றதையெல்லாம் யார் எடுத்துப் பார்த்தது?

பெரியபட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பு. ஏழு வயதுப் பெண் குழந்தை நாள் முழுக்கத் தனியாக இருக்கிறது என்று போன் வந்ததால் போனேன். பிள்ளை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தது.

"உனக்கு யாரு சோறு போடுவா?"

"எந்த வீட்ல ஆக்கிருக்காகளோ அங்கன தின்னுக்குவேன்."

கொஞ்ச நேரத்தில் தாய் வந்தாள். கடலில் முங்கிப் பாசி எடுத்துவிட்டு வருகிறாள். நனைந்த சேலை, மேலே ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச்சுற்று. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. அசதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். ஆபீசுக்கு வந்து எழுதினேன்: 'தாய்க்கு மதுப்பழக்கம் இருப்பதாகத் தெரிகிறது. குழந்தை வீடு வீடாகக் கையேந்திச் சாப்பிடுகிறது.' பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

ராமநாதபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். உப்புத்தண்ணீரில் மணிக்கணக்காக முங்கினால் கண் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதே வாரம் டவுனில் ஓர் ஆசிரியை வீட்டுக்கும் ஒரு புகாரை விசாரிக்கப் போனேன். கதவைத் திறந்தவருக்கும் கண் சிவந்திருந்தது. "தூக்கமில்லையா மேடம்?" என்று கேட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

பத்து நாள் கழித்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் விசாரணை. பாசிக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேரோடு அந்தத் தாய் வந்தாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள்.

"என் கண்ணப் பாருங்க. பத்து நாளாக் கடலுக்குப் போகல, வெளுத்துருச்சு. இந்தா இவுக கண்ணையும் பாருங்க, காலையில முங்கிட்டு வந்தவுக" என்றாள். அவர்களுடைய கண்கள் எல்லாம் சிவந்திருந்தன. பிள்ளையை அன்றே தாயோடு அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றேன். அன்றைக்குத்தான் அவளை அக்கா என்று கூப்பிட வாய் வந்தது.

"பிள்ள இல்லாத வீட்ல அழுகக்கூட இல்லம்மா. கண்ணு செவந்துருந்தா மறுபடியும் எழுதிருவீகளேன்னு அடக்கிக்கிட்டேன்."

அதற்குள் பிள்ளை ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள்.