ஆனந்தவல்லிக்கு வந்த முதல் படம்

மடையை அடைத்த பாசியைக் காலாலேயே தள்ளிவிட்டு, அதே காலால் வரப்பில் செருப்பைத் தேடுகிறார் ஆனந்தவல்லி. ஒரு கையில் மண்வெட்டி. இன்னொன்றில் பாலிதீன் பையில் சுற்றிய கைபேசி. சேற்றுக் கையோடு பேச வேண்டியிருப்பதால் எல்லா அழைப்பும் ஸ்பீக்கரில்தான். உரக்கடைப் பேச்சும் நாத்தனார் வீட்டுச் சண்டையும் நாலு வயலுக்குக் கேட்கும். "மறைக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?" என்பார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் அவர் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் ஒரே வாய்க்கால். கணவர் பஞ்சநதம் இறந்தபின் குறுவைச் சாகுபடியைத் தனியாகவே பார்க்கிறார். நடவாட்களை அதட்டமாட்டார், தானும் இறங்கிவிடுவார். டீயை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரே மகள் குந்தவை, சிலி நாட்டு மலையொன்றில் புதிதாகக் கட்டிய பெரிய தொலைநோக்கியில் பொறியாளர். ஊரில் கேட்பவர்களிடம் "நட்சத்திரம் பாக்கற வேலை" என்பார் ஆனந்தவல்லி. சிலர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பஞ்சநதம் ஓர் ஆடி மாதத்தில் திடீரென்று போனார். மகள் வந்துசேர இரண்டு நாளாகும். ஆனந்தவல்லி காத்திருக்கவில்லை, மறுநாள் காலையே எடுத்துவிடச் சொன்னார். குந்தவை வந்தபோது சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அவள் காரணம் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதன்பிறகு இருவருக்கும் "சாப்பிட்டியா?", "ம்" என்பதற்கு மேல் பேச்சில்லை.

இந்த ஜூனில் அந்தத் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தன. "நாங்க எடுத்த மொதப் படம்மா" என்று ஒரு வரியோடு குந்தவை அனுப்பியிருந்தாள். கைபேசியில் அது மாவு சிந்தியதுபோல் தெரிந்தது. பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றார். ஃபாஜிலின் கம்ப்யூட்டர் கடைக்கு என் வண்டியில் அழைத்துப்போனேன்.

ஃபாஜில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். வெறும் இருட்டு என்று நினைத்த இடத்திலும் புள்ளிகள் முளைத்தன. அதில் பல புள்ளிகளில் ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம் என்று படித்துச் சொன்னார்.  ஆனந்தவல்லி அங்கிருந்தே மகளை ஸ்பீக்கரில் அழைத்தார்.

"நல்லாருக்குடி. அவ்வளவு தூரத்துல இருக்கறதப் பாக்க வருஷக்கணக்கா பாடுபட்டிருக்க. அப்பா மொகத்த நான் ஒன்னப் பாக்க விடல."

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆடிக்காத்துல கரண்டு போயி ஐஸ்பெட்டி ஓடல. மொகம் வீங்கி, ஆளே மாறிப்போயிட்டாரு. அது ஒன் மனசுல நிக்கக் கூடாதுன்னுதான் எடுக்கச் சொன்னேன்."

"எப்படி இருந்திருந்தாலும், பாத்திருந்தா எனக்குப் போதும்மா" என்றாள் குந்தவை.

"அது எனக்கு இப்பதான் தெரியுது."

அவள் அழுவது கடை முழுவதும் கேட்டது. ஃபாஜில் எழுந்து வெளியே போனார்.  ஆனந்தவல்லி திரையில் இருந்த படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.